ஈயச் சிப்பாய்களும் ஒரு நிலுவைக் கணக்கும்

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ‘நிலுவை’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மாதம் முடிந்தால் ஒரு பட்டியல் போட்டாக வேண்டும். முன் நிலுவை இத்தனை, இம்மாத வரவு இத்தனை, பைசல் ஆனது இத்தனை, மீதி நிலுவை இத்தனை. இதே பட்டியலை, சம்பளமும் இல்லாமல் மேலதிகாரியும் கேட்காமல், வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய கோப்புகள், ஓர் அங்குலத்துக்குச் சற்றே மேற்பட்ட உயரமுள்ள சிப்பாய்ப் பொம்மைகள். மேசைமேல் போர் விளையாட்டு ஆடுவதற்காக ஆசை ஆசையாக வாங்கி, வண்ணம் தீட்ட நேரமில்லாமல் டப்பா டப்பாவாக அலமாரியில் கிடப்பவை. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதற்கு ‘ஈய மலை’ என்றும் ‘வெட்கக் குவியல்’ என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இருநூறு வருஷங்களுக்கு முன் பொம்மைச் சிப்பாய் வாங்கியவருக்குப் பொதுவாக இப்படி ஒரு நிலுவை கிடையாது. கடையிலிருந்து வரும்போதே சிப்பாய் சிவப்பும் நீலமுமாகச் சட்டை போட்டுக்கொண்டுதான் வந்தான். அந்தச் சட்டையை மாட்டிவிட்டவர்கள் யார், அந்த வேலை எப்போது, எப்படி வாங்குகிறவர் தலையில் வந்து விழுந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சொல் விளக்கம். எங்கள் புதுச்சேரியில் ‘சொல்தா’ என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர். பிரெஞ்சில் பொம்மைச் சிப்பாய்க்கு ‘சொல்தா தெ ப்ளோம்’ என்று பெயர். ப்ளோம் என்றால் காரீயம். ஆனால் இந்தக் கதை தொடங்குவது பிரான்சில் அல்ல, ஜெர்மனியில். உலோகமும் முதலில் பெரும்பாலும் வெள்ளீயம்தான். நம் வீட்டில் ரசம் வைக்கிற ஈயச்சொம்பின் உலோகம்.

நூரம்பர்க் நகரம் பொம்மைத் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யோஹான் கோட்ஃப்ரீட் ஹில்பெர்ட் என்ற கைவினைஞர் தட்டையான வெள்ளீயச் சிப்பாய்களை வார்த்தார். 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போர் முடிந்து, பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக்கின் புகழ் எங்கும் பரவியிருந்த நேரம். அவருடைய சிப்பாய்களுக்குச் சந்தையில் நல்ல கிராக்கி. சிலேட்டுக் கல்லில் உருவத்தைக் குழியாகச் செதுக்கி, இரண்டு கற்களைச் சேர்த்து, உருகிய உலோகத்தை ஊற்றினால் சிப்பாய் தயார். 1839-இல் அதே ஊரில் தொழில் தொடங்கிய எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்ஸன், பொம்மையின் உயரத்தை ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் என்று நிலைப்படுத்தினார். மற்றவர்களும் அதைப் பின்பற்றினார்கள். மெல்லிய மரச் சீவலால் ஆன பெட்டிகளில், எண்ணிக்கைக்கு அல்ல, எடைக்கு விற்றார்கள்.

வார்ப்பது சீக்கிரம் முடிகிற வேலை. வண்ணம் பூசுவதுதான் நேரத்தைத் தின்னும். ஒரு சிப்பாய்க்குத் தொப்பி, முகம், சட்டை, குறுக்குவார், காற்சட்டை, துப்பாக்கி, பூட்ஸ் என்று குறைந்தது ஏழு இடத்தில் தூரிகை பட வேண்டும். இந்த வேலையை முதலாளிகள் வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார்கள். பெண்களும் பிள்ளைகளும் அடுப்படி மேசையில் உட்கார்ந்து பூசித் திருப்பிக் கொடுத்தார்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. நம் பக்கத்தில் பீடி சுற்றுகிறவர்களும் தீப்பெட்டி ஒட்டுகிறவர்களும் வீட்டில் செய்ததற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

பிரான்சில் இதே வேலை காகிதத்தில் நடந்தது. மோசெல் ஆற்றங்கரையில் இருக்கும் எபினால் ஊரில் பெல்லெரன் குடும்பத்தார் அச்சிட்ட படத்தாள்கள் நாடெங்கும் போயின. அவற்றில் வரிசை வரிசையாகச் சிப்பாய்கள் இருப்பார்கள். பிள்ளைகள் அட்டையில் ஒட்டி, வெட்டி, நிறுத்தி வைத்து விளையாடுவார்கள். கறுப்பு மையில் அச்சான தாளின்மேல் வெட்டுத்தகடு வைத்து, ஒரு நிறத்துக்கு ஒரு தகடு என்று மாற்றி மாற்றித் தூரிகையால் தேய்ப்பார்கள். அங்கும் அந்த வேலையில் பெண்களும் சிறுவர்களும் நிறைய. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில், யாராவது வழக்கமான அலங்கார வாக்கியங்களால் கட்டுரை எழுதினால் வாத்தியார் ‘எபினால் படம்’ என்று ஓரத்தில் எழுதிவிடுவார். மரபுத்தொடராகவே ஆகிவிட்ட படங்கள் அவை. அந்தத் தொடரில் ஊரின் பெயர் நிலைத்தது. தேய்த்த கைகளின் பெயர் எதிலும் இல்லை.

அந்தக் கைகளின் விலை என்ன என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு தெளிவான கணக்கு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே பொம்மை நாடக மேடைக்கான படத்தாள்கள் விற்றார்கள். வண்ணம் இல்லாத தாள் ஒரு பென்னி, வண்ணம் தீட்டியது இரண்டு பென்னி. அதாவது வரைந்து, செதுக்கி, அச்சிட்டு, காகிதத்தோடு சேர்த்து ஒரு பென்னி என்றால், வண்ணம் மட்டும் இன்னொரு பென்னி. ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் இதைப் பற்றி 1884-இல் ஒரு கட்டுரை எழுதினார். சிறுவயதில் அவர் விரும்பியது வண்ணமில்லாத தாளைத்தான். தானே தீட்டுவதில்தான் இன்பம், தீட்டி முடித்த பிறகு மனசு விட்டுப்போகும் என்ற பொருளில் சொல்கிறார். பின்னாளில் சுவிட்சர்லாந்தின் தாவோஸில் மாற்று மகனோடு தரையில் ஈயச் சிப்பாய்களைப் பரப்பிப் போர் விளையாடியவரும் இவரே.

1893-இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளே கூடாக இருக்கும்படி ஈயச் சிப்பாயை வார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. உலோகம் மிச்சம், விலை குறைவு. ஜெர்மன் பொம்மைகளுக்குப் பலத்த போட்டி ஆகிவிட்டது. அங்கும் வண்ணம் பூசியது பெரும்பாலும் பெண்கள்தான். எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் பொம்மைப் போர் விளையாட்டுக்கு விதிகள் வகுத்து ஒரு சிறு புத்தகம் வெளியிட்டபோது அவர் கையில் இருந்தது இந்தப் பொம்மைகள்தான். ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் சுட்டு வீழ்த்துவார். பெட்டியைத் திறந்தார், நிறுத்தினார், சுட்டார். வெல்ஸுக்கு நிலுவை இல்லை. அவருடைய நிலுவையை யாரோ பெண்கள் முன்கூட்டியே பைசல் செய்து அனுப்பியிருந்தார்கள்.

இது மாறியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. பெரியவர்கள் இந்த விளையாட்டை வரலாற்று ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டார்கள். வாட்டர்லூவில் இன்ன படைப்பிரிவின் கழுத்துப்பட்டை மஞ்சளா பச்சையா என்று பார்க்கிறவர்களுக்குக் கடைப் பொம்மை போதவில்லை. ரப்பர் அச்சில் சின்னப் பட்டறைக்காரர்களே வார்க்க முடிந்தது. ஆனால் வண்ணம் பூச ஆள் வைத்துக் கட்டுப்படியாகாது. எனவே வெறும் உலோகமாகவே விற்றார்கள். 1959-இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் ஒரே நிறப் பிளாஸ்டிக்கில் சிறு சிப்பாய்களைப் பெட்டியாக விற்கத் தொடங்கியது. ஈயம் நஞ்சு என்ற கவலையும் சேர்ந்தது. 1966-இல் பிரிட்டன் நிறுவனம் ஈயச் சிப்பாய் வார்ப்பதை நிறுத்திவிட்டது. பிறகு வந்த வார்ஹாமர் போன்ற கற்பனைப் போர் விளையாட்டுகளில், சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகளைச் சட்டத்திலிருந்து வெட்டி ஒட்டும் வேலையும் வாங்குகிறவருக்கே வந்து சேர்ந்தது.

வாங்குவதோ வர வர எளிதாகியது. 2012-இல் ரீப்பர் என்ற அமெரிக்க நிறுவனம் இணையத்தில் முன்பணம் திரட்டி 34 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தது. நூறு டாலர் கட்டியவருக்கு இருநூறுக்கும் மேற்பட்ட வண்ணமில்லாத பொம்மைகள். ஒரு பொம்மைக்கு ஒரு மணி நேரம், தினம் ஒரு மணி நேரம் என்று வையுங்கள். ஆயிரம் பொம்மை சேர்த்தவருக்கு ஒரு நாளும் தவறாமல் உட்கார்ந்தாலும் இரண்டு வருஷம் ஒன்பது மாதம் ஆகும். வாங்க ஆகும் நேரம் ஐந்து நிமிஷம். வரவு இந்த வேகம், பைசல் அந்த வேகம் என்றால் நிலுவை எங்கே போகும்?

பிரான்சில் இருக்கும் என் தங்கை மகனும் இந்த வலையில் இருக்கிறான். நெப்போலியன் காலத்துப் பட்டாளம் ஒன்றை நான்கு அலமாரிகளில் அடைத்து வைத்திருக்கிறான். எப்படித் தீர்ப்பாய் என்று கேட்டேன். அவன் சொன்ன வழிகளைக் கேட்டதும் எனக்கு நூரம்பர்க்தான் ஞாபகம் வந்தது. இருபது பொம்மைகளை ஒரு குச்சியில் வரிசையாக ஒட்டிக்கொள்வானாம். முதலில் இருபதுக்கும் காற்சட்டை, அடுத்து இருபதுக்கும் சட்டை, அதற்கப்புறம் முகம். தனித்தனியாகத் தீட்டினால் அழகு கூடும், ஆனால் ஆயுசு போதாது. வெளிர் நிற அடிப்பூச்சின்மேல் ஒரே தடவை பூசினால் நிழலும் ஒளியும் தானே விழுகிற மாதிரியான வண்ணங்கள் 2019-இல் சந்தைக்கு வந்தன. அவையும் நேரம் மிச்சப்படுத்தத்தான். எபினாலின் தகடும் இதே யோசனைதானே? முதலாளி அன்று கூலியைக் குறைக்கக் கண்ட வழிகளை இவன் தன் ஞாயிற்றுக்கிழமைகளைக் காப்பாற்றக் கையாள்கிறான்.

இன்னொரு வழியும் உண்டு. இலங்கையில் கூலிக்கு வண்ணம் தீட்டித் தரும் பட்டறைகள் இருக்கின்றன. மேல்நாட்டுக்காரர்கள் தங்கள் குவியலை அஞ்சலில் அனுப்பி, தீட்டிய படையாகத் திரும்பப் பெறுகிறார்கள். நூரம்பர்க் அடுப்படியிலிருந்து கிளம்பிய வேலை கடல் தாண்டி நம் அண்டை வீட்டுக்கு வந்திருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். பலர் வீட்டில் அடுப்பெரியும். ஆனால் இருநூறு பொம்மையைத் தானே தீட்டிப் பார்த்தவர்தான் அந்தக் கூலியில் பேரம் பேச மாட்டார் என்று நினைக்கிறேன். அந்த வகையில் இந்த நிலுவை ஒரு நல்ல வாத்தியார். பெட்டி விலையில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த உழைப்பை, மணிக்கணக்காக எண்ணிக் காட்டுகிறது.

ஹில்பெர்ட் தம் பொம்மைகள் சிலவற்றில் தம் பெயரின் முதல் எழுத்துகளைப் பொறித்திருக்கிறார். சேகரிப்பாளர்கள் அச்சு செதுக்கியவரையும் வார்த்தவரையும் பெயர் சொல்லி அடையாளம் காண்கிறார்கள். வண்ணம் பூசியவள் எங்கும் கையெழுத்துப் போடவில்லை. அதனால் தங்கை மகனிடம் ஒன்று மட்டும் சொன்னேன். ஒவ்வொரு சிப்பாயும் முடிந்ததும் அடித்தட்டுக்குக் கீழே தேதியும் சுருக்கொப்பமும் போடு. கோப்பை முடித்தவர் ஒப்பம் இடுவது நம் குடும்பத்தில் பழைய வழக்கம்தானே என்றேன். போன மாதக் கணக்கு அனுப்பியிருந்தான். வரவு 12, பைசல் 31.