நிறத்தை மறைத்தவர்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒருவர் வெள்ளையரா, கறுப்பரா என்பதை முகத்தைப் பார்த்தன்று, முப்பாட்டி யாரென்று விசாரித்தே தீர்மானித்து வந்தனர். ஹோமர் பிளெஸ்ஸி என்பாருக்கு எட்டில் ஏழு பங்கு வெள்ளை இரத்தம். 1892-ல் லூசியானா மாகாணத்தில், வெள்ளையருக்கென ஒதுக்கிய ரயில் வண்டியில் அவர் வேண்டுமென்றே ஏறியமர்ந்து, தாம் இன்னாரென்று அறிவித்துக் கைதானார். அறிவித்திராவிடில் எவர் கண்டிருப்பர்? 1896-ல் உச்ச நீதிமன்றத்தில் எழுவர் அவருக்கு விரோதமாகத் தீர்ப்பளித்தனர். ஹார்லன் ஒருவரே மறுத்துரைத்தார்.

இத்தகைய நாட்டில், நிறம் இடங்கொடுத்தவர் சிலர் குலத்தை மறைத்து வெள்ளையராய் வாழப் புகுந்தது வியப்பன்று. வஞ்சகம் என்று அவர்களைப் பழிப்பவர், வஞ்சகத்துக்கு வழிவகுத்த சட்டத்தைப் பழிப்பதில்லை!

இப்பொருளைப் பற்றி நாவல் எழுதினோர் பலர். அடிமைத்தளையினின்று தப்பியோடிய வில்லியம் வெல்ஸ் பிரௌன் 1853-ல் லண்டனில் வெளியிட்ட ‘குளோட்டல்’ இவ்வகையில் மிகப் பழையது. 1900-ல் சார்லஸ் செஸ்னட் எழுதிய நாவலில், வெள்ளையனாக மாறி வக்கீல் தொழில் புரியும் மகன், பல்லாண்டு கழித்துப் பெற்ற தாயைக் காண இருட்டிய பின்னரே ஒளிந்து வருகிறான். செஸ்னட்டும் வெள்ளையரென்று சொல்லிக்கொள்ளத்தக்க நிறமுடையவரே, எனினும் சொல்லிக்கொண்டாரில்லை.

நெல்லா லார்சன் என்ற அம்மையார் டேனிஷ் தாய்க்குப் பிறந்தவர். 1929-ல் வெளிவந்த அவரது நாவலில் வரும் கிளேர், கறுப்பரை வெறுக்கும் வெள்ளையனுக்கு மனைவியாகிறாள். செல்வம் கிடைத்தது, சொந்த ஜனங்களோடு கூடிச் சிரிக்கும் சுகம் கிடைக்கவில்லை. அதை நாடி ஹார்லத்துக்கு மீண்டும் மீண்டும் வந்து, கணவன் உண்மையறிந்த அந்நேரமே மாடிச் சாளரத்தினின்று விழுந்து மடிகிறாள். தானே விழுந்தாளா, தோழி தள்ளினாளா? அம்மையார் சொல்லாமலே முடித்துவிட்டார்.

காலத்தால் முந்தியதாயினும் ஜேம்ஸ் வெல்டன் ஜான்ஸனின் நாவலை யான் கடைசியில் வைத்ததற்குக் காரணமுண்டு. 1912-ல் ஆசிரியர் பெயரின்றி அது வந்தபோது மெய்யான சுயசரிதையென்றே பலர் நம்பினர். 1927-ல்தான் அவர் பெயரோடு வெளிவந்தது. பள்ளியில் ஒருநாள் தலைமையாசிரியர், வெள்ளைப் பிள்ளைகள் எழுந்து நிற்கவேண்டுமென்கிறார். அச்சிறுவனும் எழுகிறான். ‘நீ உட்கார், மற்றவர்களோடு பிறகு எழலாம்’ என்கிறாள் உபாத்தியாயினி. தான் யாரென்று அதுவரை அவனுக்கே தெரியாது! தன் அறைக் கண்ணாடியில் முகத்தை உற்று நோக்குகிறான். பின் தாயிடம் கேட்கிறான்.

வளர்ந்து தேர்ந்த சங்கீத வித்துவானாகி, தன் இனத்தாரின் பாடல்களைத் தொகுத்துப் பெருங்கீதமாக்க எண்ணித் தென்னாட்டில் ஊரூராய்த் திரிகிறான். அங்கே ஒரு கறுப்பரை ஜனக்கூட்டம் உயிரோடு எரிப்பதைக் காண்கிறான். எரித்தவர்களுக்கு இல்லாத வெட்கம் இவனைப் பிடித்துக்கொள்கிறது. நியூயார்க் சென்று வெள்ளையனாகிறான், பொருள் சேர்க்கிறான், மெய்யறிந்தும் மணந்த வெள்ளைப் பெண்ணிடம் இரு மக்களைப் பெறுகிறான். மற்ற நாவல்களில் வேடமிட்டோர் சிலர் மாண்டனர். இவன் சுகமாய் வாழ்கிறான். அதுவே நம்மை அதிகம் வருத்துகிறது.

அவன் வீட்டில் ஒரு சிறு பெட்டி உண்டு. தொகுத்த பாடல்களின் குறிப்புகள் அதனுள் பழுத்து மஞ்சளாகிக் கிடக்கின்றன. சில வேளைகளில் அதைத் திறந்து பார்க்கிறான்.