அலியும் ஒரு லைசென்ஸும்

முகமது அலியை மூணரை வருஷம் ரிங் பக்கமே வரவிடாம செஞ்சது எதுன்னு கேட்டா, "வியட்நாம் போருக்குப் போக மாட்டேன்னார், ஜெயில்ல போட்டுட்டாங்க" என்றுதான் பல பேர் சொல்லுவோம். அந்த வழக்கில் அலி ஜெயிலுக்கே போகலை. ஜாமீன்ல வெளியேதான் இருந்தார். அவரை முடக்கிப் போட்டது பாக்ஸிங் லைசென்ஸ்.

அமெரிக்காவில் குத்துச்சண்டையைக் கட்டி மேய்ப்பது மாநில அரசுகள்தான். பெரும்பாலான மாநிலங்களுக்கு ஒரு கமிஷன். இதில் பெரியண்ணன் நியூயார்க். சூது, செட்டப் சண்டை, ரவுடிகள் கூட்டம்னு நாறிப்போய், சில வருஷம் தடையே போட்டிருந்த இந்த விளையாட்டுக்கு 1920-ல் வாக்கர் சட்டம் கொண்டு வந்தாங்க. பாக்ஸர், மேனேஜர், ரெஃப்ரி, போட்டி நடத்தும் ப்ரொமோட்டர் எல்லாருக்கும் லைசென்ஸ் கட்டாயம். மற்ற மாநிலங்களும் இதையே முன்மாதிரியா எடுத்துக்கிட்டாங்க. நோக்கம் நல்லதுதான்.

1967 ஏப்ரல் 28. ஹூஸ்டனில் ராணுவத்தில் சேர அலி மறுத்தார். அன்றைக்கே நியூயார்க் கமிஷன் லைசென்ஸை நிறுத்தி வெச்சிடுச்சு. விசாரணை கிடையாது, விளக்கம் கேட்கலை. கோர்ட் அவரைக் குற்றவாளின்னு சொன்னதே ஜூன் 20-ல்தான்! (நம்ம ஆபீஸ்ல ஒருத்தரோட அக்சஸைப் பிடுங்கக்கூட ரெண்டு அப்ரூவல் மெயில் வேணும்.) மற்ற மாநிலங்களும் வரிசையா கதவைச் சாத்தின. பாஸ்போர்ட்டும் போச்சு, வெளிநாட்டிலும் ஆட முடியாது. அப்போ அவருக்கு வயசு 25. ஒரு பாக்ஸருக்கு அதைவிட நல்ல வயசு ஏது?

1969-ல் மறுபடி விண்ணப்பிச்சார். தண்டனை பெற்றவருக்குக் கிடையாதுன்னு கமிஷன் கைவிரிச்சது. வக்கீல்கள் சும்மா இருப்பாங்களா? கமிஷனோட சொந்த ரெக்கார்டையே தோண்டினாங்க. தண்டனை பெற்றவங்களுக்கு லைசென்ஸ் கொடுத்த சம்பவங்கள் குறைஞ்சது 244! கொலை, கொள்ளை, பலாத்காரம், தீவைப்புன்னு சகலமும் அதில் அடக்கம். ராணுவத்தை விட்டு ஓடினவங்களும் உண்டு. 1970 செப்டம்பரில் நீதிபதி மேன்ஸ்ஃபீல்ட், இது சமத்துவ உரிமைக்கு விரோதம்னு தீர்ப்பு சொன்னார்.

ஆனா அலி முதல்ல ரிங் ஏறினது நியூயார்க்கில் இல்லை. ஜார்ஜியாவில் அப்போ மாநில பாக்ஸிங் கமிஷன்னு ஒண்ணே இல்லை. அட்லாண்டா நகரம் சம்மதிச்சா போதும்னு இருந்தது. கறுப்பின செனட்டர் லீராய் ஜான்சன் அதைச் சாதிச்சுக் காட்டினார். கவர்னர் லெஸ்டர் மேடாக்ஸ் துக்க நாள் அறிவிச்சார், வேறென்ன செய்ய முடியும் :-) 1970 அக்டோபர் 26 அன்று ஜெர்ரி குவாரியை மூணே ரவுண்டில் முடிச்சார் அலி. ஒழுங்குபடுத்த ஆளே இல்லாத ஊரில்தான் நியாயம் கிடைச்சதுங்கறதை என்னால இன்னும் ஜீரணிக்க முடியலை.

டிசம்பரில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனிலும் ஆடிட்டார். 1971 ஜூனில் உச்சநீதிமன்றம் 8-0 என்று தண்டனையையே ரத்து செஞ்சது. அதுக்கு மூணு மாசம் முன்னாடிதான் ஃப்ரேசியர்கிட்ட தோத்திருந்தார். பழைய வேகம் காலில் இல்லை.

பாக்ஸர்மேல இத்தனை வேகமா பாய்ஞ்ச மாநிலங்கள், ப்ரொமோட்டர்களைப் பல வருஷம் கண்டுக்கவே இல்லை. அதுக்கு 2000-ல் ஒரு மத்திய சட்டம் வர வேண்டியிருந்தது. ஒரே ஆள் ப்ரொமோட்டராவும் மேனேஜராவும் இருந்து ரெண்டு பக்கமும் காசு பார்க்கக்கூடாது. அந்தச் சண்டையில் தனக்கு எவ்வளவு கிடைக்குதுன்னு பாக்ஸரிடம் ப்ரொமோட்டர் சொல்லியாகணும். சட்டத்தின் பெயர்: முகமது அலி குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டம்.