சறுக்கலுக்கு விதி எழுதியவர்கள்: மேசைக் கதையாட்டங்களில் நகைச்சுவை வளர்ந்த வரலாறு (1974–2017)

1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய விளையாட்டு அது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். ஒருவர் ஆட்டநடத்துநராக இருந்து உலகத்தை விவரிப்பார். எடுத்த முயற்சி பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். போர் விளையாட்டுகளிலிருந்து கிளைத்தது என்பதால், இதில் தோல்விக்கு விலை அதிகம். விஷத்துக்கு எதிரான ஒரே ஒரு வீச்சு தவறினாலும் பாத்திரம் செத்துப்போகலாம்.

அந்த மேசைகளிலும் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது ஆடியவர்களின் குறும்பில் பிறந்தது; விதிநூலுக்கு அதில் பங்கில்லை. விதியே சிரிப்பை வரவழைக்கும் நிலை பிறகுதான் வந்தது. தோல்வியின் விலையை வடிவமைப்பாளர்கள் படிப்படியாக மாற்றியதே அதற்குக் காரணம் என்பதை அடுத்து வந்த சில விளையாட்டுகளைக் கொண்டு காட்டலாம்.

பெயரில் தொடங்கிய வேடிக்கை

முதல் முயற்சி மறு ஆண்டே நடந்தது. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரைச் சேர்ந்த கென் செயின்ட் ஆண்ட்ரே, 1975-இல் ‘டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்’ விளையாட்டை எழுதினார். கணக்குகளை எளிமையாக்கினார், மந்திரங்களுக்கு வேடிக்கையான பெயர் வைத்தார். காயம் ஆற்றும் மந்திரத்தின் பெயர் ‘புவர் பேபி’. எதிரியை விரட்டும் மந்திரம் ‘ஓ கோ அவே’. பெயரைக் கேட்டதும் சிரிப்பு வரும். நாலாவது தடவை சொல்லும்போது வராது. விதிநூலில் அச்சான நகைச்சுவைக்கு உள்ள எல்லை இதுதான்.

1984: சாவு மலிந்த ஆண்டு

திருப்பம் 1984-இல் வந்தது. அந்த ஓராண்டில் வெளியான இரண்டு விளையாட்டுகளிலும் கிரெக் காஸ்டிகியன் என்ற வடிவமைப்பாளரின் கை இருந்தது.

‘டூன்’ கார்ட்டூன் படங்களின் உலகம். ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் வெளியிட்டது. இதில் யாரும் சாவதில்லை. அடிவாங்கி உயிர்ப்புள்ளிகள் தீர்ந்தால் பாத்திரம் ‘கீழே விழும்’. ஆடுபவர் கடிகாரத்தைப் பார்த்து 3 நிமிடம் ஒதுங்கியிருந்துவிட்டு, முழுப் பலத்தோடு திரும்புவார். இன்னும் துணிச்சலான விதி ஒன்றும் உண்டு. துரத்தப்படும் முயல் மலைவிளிம்பைத் தாண்டி அந்தரத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே ‘அறிவு’க்கான பகடையை உருட்ட வேண்டும். வெற்றி பெற்றால் முயலுக்குக் காலடியில் தரையில்லை என்பது புரிந்துவிடும், விழுந்துவிடும். தோற்றால் புரியாது; ஓடிக்கொண்டே இருக்கும். மந்த புத்திக்காரப் பாத்திரத்துக்கு இங்கே கொண்டாட்டம். பகடையில் தோற்க வேண்டும் என்று ஒருவர் மனதார வேண்டிக்கொள்ளும்போது மேசை முழுக்கச் சிரிக்கிறது. பிறரைச் சிரிக்க வைப்பவருக்குப் புள்ளிகள் தரவும் ஆட்டநடத்துநருக்கு இடமுண்டு.

‘பாரனோயா’ இதற்கு நேர் எதிர்த்திசையில் போனது. டேன் கெல்பர், காஸ்டிகியன், எரிக் கோல்ட்பர்க் ஆகியோர் உருவாக்கிய இதை வெஸ்ட் எண்ட் கேம்ஸ் வெளியிட்டது. பித்துப் பிடித்த கணினி ஆளும் நிலத்தடி நகரில் கதை நடக்கிறது. துரோகிகளைக் கண்டுபிடித்துத் தீர்த்துக்கட்டுவது பாத்திரங்களின் வேலை. ரகசியச் சங்கத்தில் சேர்ந்தவன் துரோகி. பிறவியிலேயே விசித்திரச் சக்தி உள்ளவனும் துரோகி. ஒவ்வொரு பாத்திரமும் இந்த இரண்டுமாக இருக்கும். விதிகள் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதும் துரோகம்தான் என்பதால், விதிநூலைக் காட்டி வாதாடும் பழக்கமே தண்டனைக்குரியதாகிவிடும். சாவு நிமிடத்துக்கொரு முறை வரும். ஆனால் ஒவ்வொருவருக்கும் அச்சு அசலாக 6 பிரதிகள் உண்டு. ஒன்று போனால் அடுத்தது வந்து இறங்கும்.

ஒன்று சாவை நீக்கியது. மற்றது சாவைக் குவித்தது. இரண்டிலும் விளைவு ஒன்றே. பாத்திரத்தைக் காப்பாற்றும் கவலை போனதும் ஆடுபவர்கள் முட்டாள்தனமான காரியங்களைத் தயங்காமல் செய்தார்கள். அதற்கான வாய்ப்புகளை விதிகளே தேடிக் கொடுத்தன.

வெற்றிக்குள் ஒரு கோளாறு

1986-இல் வெஸ்ட் எண்ட் வெளியிட்ட ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ விளையாட்டை சாண்டி பீட்டர்சன், லின் வில்லிஸ், கிரெக் ஸ்டாஃபோர்ட் ஆகியோர் எழுதினர். உருட்டும் பகடைகளில் ஒன்றில் 6 இருக்க வேண்டிய பக்கத்தில் பேய்ப்படம் இருக்கும். அது விழுந்தால், முயற்சி வென்றிருந்தாலும் ஏதோ ஒன்று கெட வேண்டும். பேய் பிடிபடும், ஓட்டலின் சரவிளக்கும் கூடவே கீழே வரும். அதுவரை பெரும்பாலும் வெற்றி, தோல்வி என்று இரண்டே விடை சொன்ன பகடைக்கு இதனால் மூன்றாவது விடை கிடைத்தது. இதன் பகடை முறையை ஒட்டியே அடுத்த ஆண்டு ‘ஸ்டார் வார்ஸ்’ விளையாட்டும் அமைந்தது.

1987-இல் மைக் பாண்ட்ஸ்மித் எழுதிய ‘டீனேஜர்ஸ் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ இன்னும் ஒரு படி மேலே போனது. தேவைக்கு மேல் மிக அதிகமாக வென்றாலும் சங்கடம். ஒரு பெண்ணின் கவனத்தை ஈர்க்க முயன்ற பையன் பின்னால் பள்ளிக்கூடமே திரண்டு வரும்.

ஆட்டநடத்துநர் இல்லாத மேசை

அடுத்த மாற்றம், யாரைச் சறுக்க வைப்பது என்ற அதிகாரம் ஆடுபவர்கள் கைக்கு வந்தது. ஜேம்ஸ் வாலிஸ் 1998-இல் எழுதிய ‘பேரன் மஞ்சௌசென்’ முழுக்க முழுக்கப் புளுகுப் போட்டி. ஒருவர் வீரப்பிரதாபம் அளக்கும்போது, மற்றவர் ஒரு காசை நீட்டிக் குறுக்கிட்டுச் சிக்கலை நுழைக்கலாம். ஏற்றால் காசு கதைசொல்லிக்கு. மறுத்தால் தன் காசு ஒன்றையும் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும். இங்கே அவமானத்துக்கே கூலி கிடைக்கிறது.

ஜேசன் மார்னிங்ஸ்டார் 2009-இல் வெளியிட்ட ‘ஃபியாஸ்கோ’ பேராசைக்காரச் சாமானியர்களின் திட்டங்கள் கவிழும் கதை. ஒருவர் தன் காட்சியைத் தானே அமைத்தால், அது நல்லபடி முடியுமா இல்லையா என்பதை மற்றவர்கள் வெள்ளை அல்லது கறுப்புப் பகடையைக் கொடுத்து முடிவு செய்வார்கள். இந்த விளையாட்டுக்கு 2011-இல் டயானா ஜோன்ஸ் விருது கிடைத்தது.

2017-இல் கிராண்ட் ஹவிட் இந்த அனுபவம் முழுவதையும் ஒரே பக்கத்தில் சுருக்கினார். ‘ஹனி ஹைஸ்ட்’ விளையாட்டில் எல்லோரும் தேன் திருடத் திட்டமிடும் கரடிகள். பாத்திரத்துக்கு ‘கரடி’, ‘குற்றவாளி’ என்று இரண்டே எண்கள். திட்டம் சொதப்பினால் ஒரு புள்ளி கரடிப் பக்கம் நகரும். கச்சிதமாக நடந்தால் குற்றவாளிப் பக்கம் திரும்பும். எது 6-ஐத் தொட்டாலும் அந்தப் பாத்திரம் ஆட்டத்தை விட்டுப் போய்விடும்.

இந்த வரிசையில் ஒரு குறையும் தெரிகிறது. தோல்வியின் விலையைக் குறைத்த விளையாட்டுகளில் பல ஒரே இரவோடு முடிகின்றன. இழக்க எதுவுமில்லாத பாத்திரத்தின் மேல் மாதக்கணக்கில் பற்று வைப்பது கடினம். இதற்கு விடை தேடியவர்களில் ஜாரெட் சோரன்சன் குறிப்பிடத்தக்கவர். பேய் விரட்டும் சிறு நிறுவனத்தைப் பற்றிய அவருடைய ‘இன்ஸ்பெக்டர்ஸ்’ (2002) விளையாட்டில், ஆட்டத்தின் நடுவே ஒருவர் எழுந்து கேமராவிடம் பேசுவதுபோல் சக ஊழியரைப் பற்றிப் போட்டுக்கொடுக்கலாம். அவர் சொன்னதை மேசை உண்மையாக ஏற்க வேண்டும். சம்பாதித்த பகடைகளோ நிறுவனத்தின் கணக்கில் சேர்ந்து அடுத்த ஆட்டத்துக்கும் வரும். ஆட்கள் எத்தனை முறை அசடு வழிந்தாலும், காப்பாற்ற வேண்டிய கடை ஒன்று அவர்களுக்கு இருக்கிறது. நீண்ட நாள் ஆடக்கூடிய நகைச்சுவை விளையாட்டை உருவாக்க விரும்புபவர்களுக்கு, 15 ஆண்டுகள் கழித்து வந்த கரடிகளைவிட இந்தக் கணக்குப் புத்தகத்தில்தான் கற்க அதிகம் இருக்கிறது.