இல்லினாய் வாக்குச்சீட்டின் இரண்டாம் பெயர்

நம் நாட்டில் துணைநிலை ஆளுநர் என்றவுடன் தில்லியோ புதுச்சேரியோ நினைவுக்கு வரும். குடியரசுத் தலைவர் நியமிக்கும் பதவி அது. அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் துணை ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். ஆளுநர் இறந்தாலோ நீக்கப்பட்டாலோ அவ்விடத்துக்கு வருபவர் அவர். அதுவரை அவருக்குப் பெரிய வேலை ஏதுமில்லை. இம்முரணை இல்லினாய் அளவுக்கு விலைகொடுத்து அறிந்த மாநிலங்கள் அரிது.

1968இல் அங்கு குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் ஒகில்வி ஆளுநராகவும், ஜனநாயகக் கட்சியின் பால் சைமன் துணை ஆளுநராகவும் வென்றனர். 1970ஆம் ஆண்டு அரசியலமைப்பு இதற்கு முடிவுகட்டியது: பொதுத்தேர்தலில் இருவருக்கும் சேர்த்து ஒரே வாக்கு. ஆனால் கட்சி வேட்பாளரைத் தெரிவுசெய்யும் முதன்மைத் தேர்தலில் இருவரும் தனித்தனியே நின்றனர். வாசலைத் தாழிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதைதான்.

1986 மார்ச் 18 அன்று அக்கதவு வழியே நுழைந்தவர் மார்க் ஃபேர்சைல்ட், லிண்டன் லாரூஷ் என்ற தீவிரக் கருத்தாளரின் ஆதரவாளர். மாநிலச் செனட்டர் ஜார்ஜ் சாங்மைஸ்டரை அவர் தோற்கடித்தார். பெயர் எளிதாக ஒலித்ததால் வாக்கு விழுந்தது என்று அன்று பலர் சமாதானம் கூறினர். கட்சி உறங்கியது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆளுநர் வேட்பாளர் அட்லாய் ஸ்டீவன்சன், 1982இல் வெறும் 5,074 வாக்குகளில் தோற்றவர். ஃபேர்சைல்டுடன் இணைந்து நிற்க மறுத்து, வென்ற வேட்பாளர் தகுதியையே துறந்தார். போலந்து இயக்கத்தின் பெயரால் ‘சாலிடாரிட்டி’ என்றொரு கட்சி தொடங்கி நின்றார். ஜேம்ஸ் தாம்சனிடம் மீண்டும் தோற்றார். ஆளுநர் பெயரே இல்லாத ஜனநாயகக் கட்சி வரிசைக்கும் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்குகள் விழுந்தன!

விதி மாறவில்லை. 2009 சனவரியில் ஆளுநர் பிளகோயவிச் பதவி நீக்கப்பட, துணை ஆளுநர் பேட் குவின் ஆளுநரானார். பதவியின் எடை அப்போதேனும் விளங்கியிருக்க வேண்டும். மறு ஆண்டு பிப்ரவரியில் அறுவர் போட்டியிட்ட முதன்மைத் தேர்தலில், நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வாக்குகளுடன், அடகுக்கடை நடத்திய ஸ்காட் லீ கோஹன் வென்றார். வென்றபின் அவரது 2005ஆம் ஆண்டுக் கைது (வழக்கு பின்னர் கைவிடப்பட்டது) தலைப்புச் செய்தியாயிற்று. வேட்பாளராக இறங்கியபோதே அதை அவர் பத்திரிகையாளர் ஒருவரிடம் சொல்லியிருந்தார். சிறு பதவிதானே என்று எவரும் பொருட்படுத்தவில்லை. ஒரு வாரத்துக்குள் அவர் விலகினார். கட்சிக் குழு அவ்விடத்துக்குத் தெரிவுசெய்தது ஷீலா சைமனை. 1968இன் அதே பால் சைமனின் மகள்.

அதன் பின்னரே விதி திருத்தப்பட்டது. 2014 முதல் முதன்மைத் தேர்தலிலும் இருவரும் இணையாகவே நிற்கின்றனர். வாக்காளர் கையிலிருந்த தெரிவு ஆளுநர் வேட்பாளரின் கைக்கு மாறியது. அவ்வாண்டு குவின் தெரிவுசெய்த துணை பால் வாலஸ். நவம்பரில் இருவரும் சேர்ந்தே தோற்றனர்.