பெருங்குடல் புற்றுநோயில் புரதக் குறிகாட்டிகளை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகளின் எதிர்காலத்தை முன்கூட்டியே சொல்லவல்ல புரதங்கள் என்று ஆய்விதழ்களில் ஆண்டுதோறும் புதுப்பெயர்கள் வந்தவண்ணம் உள்ளன. அவற்றுள் புறநோயாளிப் பிரிவு வரை வந்து சேர்ந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு புரதத்துக்கும் நோயாளி உயிர்வாழும் காலத்துக்கும் புள்ளியியல் தொடர்பு உண்டு என்று காட்டியதுமே வேலை முடிந்ததாகக் கருதுவதுதான் இதற்கு முதற்காரணம் என்பது என் வாதம். அதை அளந்ததால் எந்தச் சிகிச்சை முடிவு மாறுகிறது என்ற கேள்வியே உரைகல்லாக வேண்டும்.

1965இல் மான்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் அறிவித்த சி.இ.ஏ. இன்றும் இத்துறையில் அதிகம் அளக்கப்படும் இரத்தப் புரதம். மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் என்பது வழக்கமான வரம்பு. புகைபிடிப்பவர்களுக்குப் புற்றுநோய் இல்லாமலே இது சற்றுக் கூடும். எப்போது அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே இதன் பொருள் அமைகிறது. நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் 1,027 நோயாளிகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு இதைத் தெளிவாக்கியது. அறுவைக்கு முன் உயர்ந்திருந்து பின்னர் இயல்புக்குத் திரும்பியவர்களில் மூன்றாண்டு முடிவில் நோய் மீளாதிருந்தோர் 87.9 விழுக்காடு, தொடக்கத்திலேயே இயல்பாக இருந்தவர்களில் 89.7. அறுவைக்குப் பின்னும் இறங்காதவர்களில் 74.5 மட்டுமே. அறுவைக்கு முந்தைய எண்ணை மட்டும் பார்த்து நோயாளியை அச்சுறுத்துவது தவறு.

ஆனால் தொடர்ந்து கண்காணிப்பதால் ஆயுள் நீள்கிறதா? 1,202 பேரைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2014இல் வெளியான ஃபேக்ஸ் ஆய்வில், சி.இ.ஏ. அல்லது சி.டி. ஸ்கேன் மூலம் கண்காணிக்கப்பட்டவர்களுக்கு, மீண்ட நோயைக் குணமாக்கும் நோக்கில் அறுவை செய்யும் வாய்ப்பு கூடியது. உயிர்பிழைப்பில் ஆதாயம் நிறுவப்படவில்லை.

டி.என்.ஏ. பிழைதிருத்தும் எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 ஆகிய நான்கு புரதங்களின் கதை வேறு. கட்டியின் மெல்லிய சீவலில் எதிர்ப்பொருள் கொண்டு சாயமேற்றினால், புரதமுள்ள உட்கருக்கள் பழுப்பாகத் தெரியும். புற்றணுக்களின் உட்கரு நீலமாகவே நின்று, அவற்றிடையே கிடக்கும் லிம்ஃபோசைட்டுகள் பழுப்பேறியிருந்தால்தான் புரதம் இழக்கப்பட்டதென்று நோயியலாளர் கையெழுத்திட முடியும். இரண்டுமே நீலமென்றால் சாயம் சரியாக ஏறவில்லை. சோதனையைத் திரும்பச் செய்தாக வேண்டும். எம்.எல்.எச்.1 இழக்கப்பட்டால் அதன் துணையான பி.எம்.எஸ்.2-உம் நிலைக்காமல் சிதைந்துவிடும் என்பதால் பெரும்பாலும் இவ்விரண்டும் சேர்ந்தே மறைகின்றன.

இந்த இழப்பு நல்ல அறிகுறியா, கெட்ட அறிகுறியா என்று கேட்டால் விடை ஒன்றாக இராது. இரண்டாம் நிலையில் நோய் மீளும் வாய்ப்பு குறைவு. உடலெங்கும் பரவிய நிலையில் அந்த அனுகூலம் இல்லை. ஆனால் சிகிச்சை முடிவு இரு இடத்திலும் மாறுகிறது. இரண்டாம் நிலையில் ஃபுளோரோயுராசில் மட்டும் தருவதால் பயனில்லை என்பதால் தவிர்க்கலாம். பரவிய நோயில், 307 பேர் பங்கேற்ற கீநோட்-177 ஆய்வின்படி, நோய் முற்றாதிருந்த இடைநிலைக் காலம் கீமோதெரபியில் 8.2 மாதம், பெம்ப்ரோலிசுமாபில் 16.5 மாதம். லின்ச் நோய்க்குறியைத் தேடி இரத்த உறவினரைப் பரிசோதிக்க வேண்டுமா என்பதையும் அதே சீவல்தான் சுட்டுகிறது. முன்கணிப்பு தடுமாறிய இடத்திலும் இந்தக் குறிகாட்டி நிலைத்ததற்குக் காரணம் இதுவே.

இதே அளவுகோலில் சி.டி.எக்ஸ்.2 இன்னும் தேறவில்லை. 2016இல் வந்த ஆய்வில், இந்தப் புரதம் இல்லாத இரண்டாம் நிலை நோயாளிகளில் கீமோதெரபி பெற்ற 23 பேருள் ஐந்தாண்டு நோயின்றி இருந்தோர் 91 விழுக்காடு, பெறாத 25 பேருள் 56 விழுக்காடு. மனத்தை ஈர்க்கும் வேறுபாடுதான். ஆனால் யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கல் முறை தீர்மானிக்கவில்லை; மொத்தமே 48 பேர். இப்புரதம் இல்லாத கட்டிகள் சுமார் 4 விழுக்காடே என்பதால், குலுக்கல் முறையில் ஓர் ஆய்வு நடத்தப் பல நாட்டு மருத்துவமனைகள் ஒன்றுசேர வேண்டும். புதுப்புரதம் தேடுவதற்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கு இதற்கு முதலில் போக வேண்டும்.