குருதி நிறுத்தும் மருந்தும் மூன்று மணி நேரமும்

தாப்பாவிலிருந்து தானா ராத்தா செல்லும் மலைப்பாதை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளமும் எண்ணற்ற வளைவுகளும் உடையது. தேயிலைத் தோட்டத்தில் வாழும் நம்மவர் ஒருவர் அங்கே விபத்துக்குள்ளானால், உயிர் காப்பதில் நேரமே முதற்கேள்வியாகும். குருதிப்பெருக்கை நிறுத்தும் மருந்துகளின் வரலாறும் அதனையே வலியுறுத்துகின்றது.

காயம்பட்ட இடத்தில் குருதி உறைந்து அடைத்துக்கொள்வது இயற்கை. அவ்வுறைவைப் பிளாஸ்மின் என்னும் நொதி கரைக்கும். பெருங்காயத்தில் இக்கரைப்பு அளவு கடந்து உயிர்க்கு ஊறாவதும் உண்டு. இதனைத் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை 1962இல் உலகிற்கு அறிவித்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த உத்தாகோ ஒக்காமோத்தோ அம்மையாரும் அவர்தம் கணவர் ஷோசுக்கேயும் ஆவர். பிள்ளைப்பேற்றில் குருதியிழந்து மடியும் தாய்மாரைக் காப்பதே அம்மையாரின் நோக்கம்.

ஆயினும் ஓர் அச்சம் இருந்தது. உறைவைக் கரையவிடாத மருந்து, கால், நுரையீரல், மூளை ஆகியவற்றின் குழாய்களையும் அடைத்துவிடாதோ?

வேறொரு மருந்தில் அவ்வச்சம் மெய்யாயிற்று. ஹீமோபீலியா நோய்க்கென ஆக்கப்பட்ட ஏழாம் காரணி, 1999இல் குண்டடிபட்ட இஸ்ரேலிய வீரர் ஒருவர்க்குப் பயன்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதன் புகழ் போர்க்களங்களுக்கும் பரவிற்று. ஆனால் பல்வேறு நிலைகளில் அதனைச் சோதித்த 35 ஆய்வுகளை 2010இல் தொகுத்து நோக்கியபோது, தமனியடைப்பு அதனைப் பெற்றோரில் நூற்றுக்கு 5.5, பெறாதோரில் 3.2 எனத் தெரியவந்தது.

அதே ஆண்டில் வெளியான கிராஷ்-2 ஆய்வில் இந்தியா உள்ளிட்ட 40 நாடுகளில் காயமுற்ற 20,211 பேர் இடம்பெற்றனர். டிரானெக்சாமிக் அமிலம் பெற்றோரிடை இறப்பு நூற்றுக்கு 16.0இலிருந்து 14.5ஆகக் குறைந்தது; குழாயடைப்போ மிகவில்லை. காரணம் தெளிவு. ஏழாம் காரணி புதிதாக உறையச் செய்வது. இவ்வமிலமோ உறைந்ததைக் காப்பது.

எனினும் அச்சம் முற்றும் பொய்யன்று. குடற்குருதிப் பெருக்கிற்கு இதனை 24 மணி நேரம் மிகுதியாகச் செலுத்திய ஆய்வில், சிரையடைப்பு 0.4இலிருந்து 0.8ஆக உயர்ந்ததென 2020இல் அறிந்தனர். காயமுற்றோர்க்கும் மூன்று மணி நேரம் கடந்தபின் இம்மருந்தைக் கொடுத்தபோது, குருதிப்பெருக்கால் நேர்ந்த இறப்பு 3.1இலிருந்து 4.4ஆயிற்று என 2011இல் வெளியான பகுப்பாய்வு காட்டிற்று. காலத்தே கொடுத்தால் காக்கும் மருந்தே காலம் கடந்தால் தீங்காகலாம்.

ஆதலின் காயமுற்றவரை மலையிலிருந்து கொண்டு செல்வோர், விபத்து நேர்ந்த மணியைக் குறித்துவைத்து மருத்துவரிடம் தவறாது கூறுதல் வேண்டும். முன்னரே குருதியுறைவு நோய் இருந்திருப்பின் அதனையும் மறைக்கலாகாது. எளிய இவ்விரு சொற்கள் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.