அம்மைப்பால் வந்த வழி

கொரோனாப் பெருந்தொற்று 2020இல் உலகுக்கு அளித்த புதுமைகளுள் ஆர்.என்.ஏ. தடுப்பூசி தலையாயது. ஆனால் அவ்வகையில் முதலில் ஒப்புதல் பெற்ற பைசர் தடுப்பூசியைச் சுழியத்துக்குக் கீழே எழுபது பாகைக் குளிரில் காக்க வேண்டியிருந்தது. ஜவ்வாது மலையின் நெல்லிவாசல்நாடு போன்ற ஊருக்கு அத்தகைய மருந்து ஏறுவது எளிதன்று. இந்தியாவில் பெரிதும் செலுத்தப்பட்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் சாதாரணக் குளிர்பெட்டியில் தாங்கின. மருந்தைக் கண்டறிவது ஒன்று; அதைக் கெடாமல் கொண்டுசேர்ப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது கலையை மனிதகுலத்துக்குக் கற்பித்தது பெரியம்மை. அப்பாடத்தின் தொடக்கம் முஸ்லிம் நாடுகளின் ஊடாக நிகழ்ந்ததை நம்மவரே மறந்துவிட்டனர்.

அம்மைக் கொப்புளத்தின் சீழை நலமுடையோர் தோலில் கீறி ஏற்றும் வழக்கம் உதுமானிய நாட்டில் இருந்தது. ஆங்கிலத் தூதரின் மனைவி மேரி வொர்ட்லி மாண்டேகு 1717இல் அதைக் குறித்துத் தாயகத்துக்கு எழுதினார். மறு ஆண்டு தம் மகனுக்கே செய்வித்தார். 1796இல் எட்வர்டு ஜென்னர் பசு அம்மையைக் கொண்டு ஆபத்துக் குறைந்த முறையை நிறுவினார். அந்த அம்மைப்பாலை இந்தியாவுக்கு அனுப்ப முற்பட்டபோதுதான் சிக்கல் எழுந்தது. ஆப்பிரிக்காவைச் சுற்றிவரும் பல மாதக் கப்பற்பயணத்தில் அது வீரியமிழந்தது.

வியன்னா மருத்துவர் ழான் தெ காரோ வேறு வழி கண்டார். அம்மைப்பாலில் தோய்த்த இழைகளைக் கண்ணாடித் துண்டுகளுக்கிடையே வைத்து மெழுகால் மூடி இஸ்தான்புல் வழியே அனுப்பினார். பக்தாதிலும் பஸ்ராவிலும் அது ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு ஏறி உயிர் காத்தது. பஸ்ராவிலிருந்து கப்பலேறி 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் ஆனா டஸ்டால் என்னும் மூன்று வயதுச் சிறுமியின் கையில் பலித்தது. அவ்வாண்டே சென்னையும் அதைப் பெற்றது.

கைக்குக் கை ஏற்றும் முறையை மக்கள் அஞ்சினர். அதை அறியாமை என்று தள்ளிவிட நாம் ஒப்போம். அவ்வாறு ஏற்றுகையில் மேகப்புண் போன்ற பிற நோய்களும் தொற்றியதுண்டு. பின்னர் கன்றுகளின் தோலில் அம்மைப்பால் விளைவிக்கப்பட்டது. 1899இல் நிறுவப்பட்ட சென்னைக் கிண்டி கிங் நிலையம் இப்பணியில் பெயர்பெற்றது. எனினும் வெயில் இன்னும் வெல்லப்படவில்லை.

அதை வென்றது 1950களில் இலண்டன் லிஸ்டர் நிலையத்தில் லெஸ்லி காலியர் செம்மைப்படுத்திய உறைய வைத்து உலர்த்தும் முறை. அம்மைப்பால் பொடியாயிற்று, 37 பாகை வெப்பத்திலும் ஒரு மாதம் தாங்கிற்று. அடுத்த பத்தாண்டில் பெஞ்சமின் ரூபின் தையற்பொறி ஊசியின் காதைத் தேய்த்து இருமுனை ஊசியை ஆக்கினார். இருபத்தைந்து பேருக்கான மருந்து நூறு பேருக்குப் போதுமானதாயிற்று. மருத்துவர் அல்லாதாரும் சிறிது நேரத்தில் குத்தக் கற்றனர். பையில் பொடியும் ஊசியுமாக ஓர் ஊழியர் எந்த மலையும் ஏறலாம் என்றாயிற்று. இந்தியாவின் கடைசி அம்மை 1975இல் பதிவானது.

உலகில் இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர் சோமாலியாவின் மெர்கா நகர் மருத்துவமனைச் சமையற்காரர் அலி மாவ் மாலின். 1977 அக்டோபரில் நோயுற்றுப் பிழைத்தார். மருத்துவமனையில் பணியாற்றியும், வலிக்கு அஞ்சி அவர் ஊசியைத் தவிர்த்திருந்தார். தடுப்பூசியை அந்நியர் சூழ்ச்சியென்று ஐயுறுவோர் நம்மிடையே இன்றும் உளர், சோமாலியாவிலும் இருந்தனர். பிற்காலத்தில் அவர்களிடம் போலியோ சொட்டுமருந்துக்காக வீடுவீடாகப் போய்த் தம் கதையைச் சொன்னவர் இதே மாலின். 2013 ஜூலையில் அப்பணியின் இடையிலேயே மலேரியாக் காய்ச்சல் கண்டு இறந்தார்.